வாழ்க்கைத் திருப்பங்களும் திருவருளும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மலையிற் பிறந்த ஆறு கடலை அடையுமுன் எத்தனையோ இடங்களில் வளைந்து செல்கின்றது. நம் வாழ்க்கையும் அத்தன்மையதே. வளைவில் நிற்கும்போது அப்பால் உள்ளது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடந்து சென்றபின் திரும்பி நோக்கின், ‘அன்று அது நிகழாதிருப்பின் இன்று இந்நிலையை எய்தியிருப்போமா?’ என்று வியக்கின்றோம். அங்ஙனம் வியந்த நம் முன்னோர் அதனைத் திருவருள் என்று போற்றினர். அத்திருவருள் எவ்வுருவில் வருகின்றது, வருங்கால் நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றைக் குறித்துச் சில கூற விழைகின்றேன்.

மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் வரலாற்றை நீவிர் பலரும் அறிவீர்கள். 1855-ஆம் ஆண்டிற் பிறந்த அவர், சங்கீத வித்துவானாகிய தந்தையாரின் துறையை விடுத்துத் தமிழை நாடினார். 1871-ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1876-ஆம் ஆண்டில் ஆசிரியர் காலமாயினார். தந்தையினும் மேலாகப் போற்றிய ஆசிரியரை இழந்த அந்நாளில், அவ்விளைஞருக்கு உலகமே இருண்டு தோன்றியிருக்கும் என்பதை யாவரும் உணரலாம்.

பின்னர் 1880-ஆம் ஆண்டில், கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக விளங்கிய வித்துவான் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்திற்கு ஐயரவர்களையே தேர்ந்து கொணர்ந்தார். அந்நகருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார் சேலம் இராமசுவாமி முதலியார். ஒருவர் வருகையை மற்றொருவர் ஏற்பாடு செய்தாரல்லர். உத்தியோக மாற்றமே இருவரையும் ஓரூரிற் சேர்த்தது.

1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி வியாழக்கிழமையன்று ஐயரவர்கள் முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்கள் யாவை என்று முதலியார் வினவவே, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்டதொரு வரிசையை ஐயரவர்கள் அடுக்கினார். முதலியாரோ சிறிதும் வியந்திலர். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டார். இல்லை என்பதே விடையாயிற்று.

அன்பர்களே! இவ்விடத்திற் சற்று நின்று எண்ணுங்கள். பெரும்புலவரிடம் பல்லாண்டு பயின்ற ஒருவர், கல்வியிற் சிறந்தார் ஒருவர் முன்னிலையில் தம் கல்வி போதாதது என்று உணர நேர்வது இனிய நிகழ்ச்சியன்று. மனம் புழுங்கி வீடு திரும்பி, அவர் வாயிலை மீண்டும் மிதியாதிருத்தல் எவர்க்கும் எளிது. ஐயரவர்கள் அவ்வாறு செய்திலர். நூல் கிடைப்பின் படிக்கலாம் என்று துணிந்தார். முதலியார் தந்த பிரதியைப் பெற்றுச் சென்றார். விளங்காத சமயக் கருத்துக்களைச் சைனப் பெருமக்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் அவரது பதிப்பாக வெளிவந்தன. ஒரு வினா ஒரு வாழ்வின் திசையை மாற்றியது. அவ்வாழ்வினால் ஒரு மொழியின் செல்வம் மீண்டது.

இதனால் நாம் அறிவன இரண்டு. முதலாவது, திருவருள் எப்பொழுதும் பூமாலையுடன் வருவதன்று. நம் செருக்குக்கு ஒரு சிறு குட்டாகவும் வரும். அதனை அவமதிப்பென்று தள்ளுவதும், அழைப்பென்று ஏற்பதும் நம் கையில் உள்ளன. இரண்டாவது, அது குலம் நோக்கி வருவதில்லை. ஐயரவர்களுக்குக் கல்வியளித்தவர் பிள்ளை. பதவிக்கு வழி செய்தவர் செட்டியார். நூல் தந்தவர் முதலியார். பொருள் விளக்கியவர் சைனர். ஒரு குலத்தார் கூடும் இச்சங்கத்தில் இதனை வற்புறுத்திக் கூறுகின்றேன். நம்மவர் நமக்கு உதவுதல் நன்றே. ஆயினும் இறைவன் அனுப்பும் துணைவர் நம் சங்கத்துப் பெயர்ப்பட்டியிலேயே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. நாமும் பிறகுலத்துப் பிள்ளை ஒருவனுக்கு அத்தகைய துணையாகக் கூடும்.

இனி, கடினமானதொரு வினா உண்டு. ‘எல்லாம் இறைவன் செயல் எனின், என் குழந்தை இறந்ததும் அவன் செயலோ?’ என்று ஒரு தாய் கேட்பின் யாது கூறுவோம்? சேக்கிழார் பெருமான் காட்டும் திலகவதியாரை நினைமின். பெற்றோரை இழந்தார், மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் எனக் கேட்டு உயிர் துறக்கத் துணிந்தார். தம்பியார் அடிவீழ்ந்து அழுதமையால், அவர்மீது கொண்ட இரக்கத்தால் உயிர் தரித்திருந்தார். பல்லாண்டுகளுக்குப்பின் அத்தம்பியார் சூலை நோயால் வருந்தித் திருவதிகையில் தமக்கையாரை அடைந்தார், திருநாவுக்கரசர் ஆயினார். துயருற்ற அந்நாளில் அம்மையாருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க இயலாது. ‘பின்னால் நன்மை வரும், அழாதே’ என்று அவரை எவரும் தேற்றினாரல்லர். தம்மை நம்பி நின்ற ஒருவருக்காக அவர் வாழ்ந்தார், அவ்வளவே.

ஆகையால், தன் வாழ்க்கையில் திருவருளைக் காண்பது ஒவ்வொருவர்க்கும் உரியது. பிறர் துன்பத்திற்கு அதனைக் காரணமாக எடுத்துரைப்பது எவர்க்கும் உரியதன்று. துக்க வீட்டில் தத்துவம் பேசற்க; உடன் அமர்ந்திருந்து, உலை வைத்து, பிள்ளைகளுக்கு உணவளிப்பதே அங்குச் செய்யத்தக்க வழிபாடு. பரீட்சையில் தவறிய மகனைக் கடிந்து பேசற்க. அவன் நிற்பதும் ஒரு வளைவாக இருக்கலாம்.

இன்றிரவு வீடு சென்றபின் உங்கள் வாழ்வைத் திருப்பிய மனிதர்களை எண்ணிப் பாருங்கள். அவருள் உயிருடனிருப்பார்க்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மறைந்தார்க்குரிய நன்றியை, இன்று வளைவில் நிற்கும் இளைஞன் ஒருவனுக்கு உதவிச் செலுத்துங்கள். அவ்வுதவியைப் பின்னொரு நாள் அவன் திருவருள் என்று கூறுவானாக.