புதுச் சாமானும் பழைய புத்தியும்

(திருமலைராயன்பட்டினம் பொதுக்கூட்டத்தில் பேசியது)



பத்திரிகையைத் திறந்தால் புதுச் செல்போன், புதுக் கைக்கடிகாரம், கேட்டதற்குப் பதில் சொல்லும் பெட்டி என்று நாள்தோறும் ஒரே விஞ்ஞானச் சேதியாயிருக்கிறதே, இவற்றைப்பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று இக்கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. பள்ளிக்கூடத்தில் கற்றதைவிடப் பழைய புத்தகக் கடையிலும் ரிப்பேர்க் கடைப் பலகையிலும் உட்கார்ந்து கற்றதே அதிகம். ஆகையால் நமக்குப் பட்டதைச் சொல்லுகின்றோம். சரியென்று தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

முதலாவதாக, யந்திரத்தை வெறுப்பவர்கள் நாமல்ல. அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த காலத்தில் அவற்றை அரைத்தவர் யார்? ஆண்பிள்ளையா? அக்காலம் போயிற்றே என்று திண்ணையில் சாய்ந்துகொண்டு அழுகிறவர், ஒருநாளாவது அரைத்துப் பார்த்திருப்பாரா? மனிதனுடைய பாட்டைக் குறைக்கும் எந்தச் சாமானும் நல்ல சாமான்தான். அதில் நமக்கு ஆட்சேபணை சிறிதும் இல்லை.

ஆனால் கைக்குப் புதுச் சாமான் வந்ததனாலேயே மூளைக்குப் புதுப் புத்தி வந்துவிட்டதென்று எண்ணுவது பெரிய ஏமாற்றமாகும். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது 1995 ஜூலை 31ஆம் தேதி. அதற்கு இரண்டு மாதம் ஆகுமுன்பே, செப்டம்பர் 21ஆம் தேதி, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற சேதி நாடெங்கும் பரவிற்று. அது எதன்மூலம் பரவிற்று? டெலிபோன் மூலமாகத்தான். கரண்டி நிறைந்த பாலைக் கல்லில் ஒட்டிப் பிடித்தால், திரவத்தின் மேற்பரப்பு இழுவிசையினால் அது மெல்லிய படலமாகக் கீழே வழிகிறது. பார்ப்பவருக்குக் குடித்ததுபோல் தெரிகிறது. சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, வழிவதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டினார்கள். அதற்குள் எத்தனை குடம் பால் சாக்கடைக்குப் போயிற்று! கிரஹாம் பெல் 1876இல் டெலிபோனைக் கண்டுபிடித்து நமக்குக் கொடுத்தது இதற்காகத்தானா?

இன்று அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறோம். கையில் இருப்பது உலகத்துப் புத்தகசாலை. அதில் நாம் தேடுவது ராகுகாலம், எமகண்டம், ஜாதகப் பொருத்தம். பஞ்சாங்கம் காகிதத்தில் இருந்தால் மூடநம்பிக்கை, கண்ணாடித் திரையில் இருந்தால் விஞ்ஞானமா என்று கேட்கின்றோம்.

இவ்வூர்க்காரர்களுக்கு ஒரு கதை தெரியும். காளமேகப் புலவர் கோபித்து வசை பாடினாராம். உடனே மண்மாரி பொழிந்து திருமலைராயன் பட்டணம் அழிந்ததாம். தோழர்களே! மண்ணைக் கொண்டுவருவது ஆறு; மணலைத் தூக்குவது காற்று; கரையை அரிப்பது கடல். பாட்டுக்கு அந்தச் சக்தி இருக்குமானால், கரிகட்டும் ஒரு புலவரைக் கூட்டிவந்து உப்பு ஏறிய வயலில் நல்ல மண் பெய்யச் சொல்லலாமே!

கதையை விடுங்கள், நாம் கண்ணால் கண்டதைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஆறரை மணிக்குச் சுமத்திராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம்முடைய கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நம் பட்டினச்சேரியும் தப்பவில்லை. அது யாருடைய சாபம்? எந்தப் புலவர் பாடினார்? இரண்டு மணி நேரம் இருந்தும் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமற் போயிற்றே, அதுவல்லவா சாபம்!

அதே நாளில் புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்ப் பிள்ளை ஒருவர், செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். ஊரார், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கு வைத்திருந்த தகவல் நிலையத்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். 3,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள். வீடும் படகும் போயின, உயிர் போகவில்லை. ஒரு டெலிபோன், ஒரு ஒலிபெருக்கி, சொன்னதைக் கேட்டு யோசித்து நடந்த ஜனங்கள். இம்மூன்றும் சேர்ந்தால்தான் அதற்கு விஞ்ஞானம் என்று பெயர். பிறகு 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. 2023இல் நம் செல்போன்களெல்லாம் ஒரே சமயத்தில் அலறினவே, அது ஆபத்துக் காலத்துக்கான சோதனை. அதைக் கேட்டு எரிச்சலடைந்தவர்கள், 2004இல் அப்படி ஒரு அலறல் கேட்டிருந்தால் யார் யார் இன்று நம்மோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பெண்பிள்ளைக்குச் செல்போன் எதற்கு, கெட்டுப்போவாள் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் கடலில் இருக்கிறீர்கள். போனும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. கரையில் குழந்தைகளோடு இருப்பவளுக்கு எச்சரிக்கை எந்த வழியாகப் போய்ச் சேரும்? அவள் கையில் போன் இருப்பது உங்கள் தயவல்ல, அவள் உரிமை.

இனி விற்கிறவர்கள் சங்கதிக்கு வருவோம். கோவிலில் ஆண்டுதோறும் உற்சவம் நடப்பதுபோல, கம்பெனிக்காரர்களும் ஆண்டுக்கொரு புது மாடல் உற்சவம் நடத்துகிறார்கள். போன வருஷத்துச் சாமி இந்த வருஷம் செல்லாதாம்! இது புதுத் தந்திரமல்ல. 1924இல் ஜெனிவா நகரத்தில் மின்சார பல்பு முதலாளிகள் கூடி, பல்பு 1,000 மணி நேரத்துக்குமேல் எரியக்கூடாதென்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். அதிகம் எரியும் பல்பு செய்தவனுக்கு அபராதம்! நன்றாகச் செய்தவனைத் தண்டித்த சபை அது. நம் காலத்தில், 2017 டிசம்பரில், பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாங்களே குறைத்ததாக ஆப்பிள் கம்பெனியார் ஒப்புக்கொண்டார்கள். தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென்று அணையாமலிருக்கவே அப்படிச் செய்தோம் என்றார்கள். இருக்கட்டும், வாங்கினவனுக்கு ஏன் சொல்லவில்லை? பிரெஞ்சு சர்க்கார் இதே கேள்வியைக் கேட்டு, 2020இல் 25 மில்லியன் யூரோ அபராதம் போட்டது.

1954 நவம்பர் 1ஆம் தேதி வரையில் இவ்வூர் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியதை இப்போதாவது கற்போம். 2021 ஜனவரி முதல் அந்நாட்டில் செல்போன், டெலிவிஷன் முதலியவற்றை எவ்வளவு எளிதில் ரிப்பேர் செய்யலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கடையில் எழுதிவைத்தார்கள். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் செல்போன்களுக்கு இத்தகைய அடையாளச் சீட்டு வந்துவிட்டது. பிள்ளைக்கு மார்க் கேட்கிற நாம், ஐந்துமாத வருமானத்தைக் கொடுத்து வாங்கும் சாமானுக்கு மார்க் கேட்பதில்லை.

நம்முடைய போன் சென்ற வருஷம் பாதி நாளிலேயே சார்ஜ் இறங்கிற்று. ஒரு பெரிய கடையில் கொடுத்தோம். "இது பழசு, புதிது வாங்குங்கள், தவணையில் தருகிறோம்" என்றார்கள். ரிப்பேர் வேலை தெரிந்த ஒரு பையனிடம் கொடுத்தோம். பேட்டரியை மாற்றினான்; அரைமணி நேரம்; இன்றுவரை ஓடுகிறது. புரோகிதர் பரிகாரம் சொன்னதுபோலத்தான் கடைக்காரர் தவணை சொன்னார். கேள்வி கேட்காதவரையில் இருவருக்கும் வருமானம்.

ஆகவே தோழர்களே, புதுச் சாமான் சேதி வரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். இது நம்முடைய எந்தப் பாட்டைக் குறைக்கும்? கெட்டுப்போனால் இவ்வூரில் பழுது பார்க்க முடியுமா? கடன் வாங்காமல் வாங்க முடியுமா? இதைச் செய்த தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? கடைசிக் கேள்வி தூரத்து விஷயமல்ல. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஐபோன் செய்யும் தொழிற்சாலைப் பெண்கள், விடுதிச் சாப்பாட்டினால் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். அவர்கள் நம் ஊர்ப் பெண்களைப் போன்றவர்கள்தான்.

சாமானுக்குச் சந்தனம் பூசிக் கும்பிடவேண்டாம். சாமானைக் கண்டு பயப்படவும் வேண்டாம். அது மனிதன் செய்தது, மனிதனுக்காக இருக்கவேண்டியது. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் போனில் கடல் எச்சரிக்கை எப்படி வரும் என்பதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் கிழவர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். ராகுகாலம் பார்க்காமல் இன்றைக்கே செய்யுங்கள். அலை நேரம் பார்த்து வருவதில்லை.