மேகத்தை ஊடுருவும் கண்

1885-இல் வில்லியம் கேமரன் இம்மலைநிலத்தைக் கண்டார். ஆயினும் வரைபடத்தில் குறித்து வைக்கவில்லை. அதனால் அது நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. தமிழ்த் தொழிலாளர் கைகள் காட்டுச் சரிவுகளைத் தேயிலை மலைகளாக்கின.

நலமான இலை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதை அளந்து, சென்டினல்-2 செயற்கைக்கோள் 10 மீட்டர் நுணுக்கத்தில் வாட்டத்தைக் காட்டுகிறது. மேகம் மூடினாலும் சென்டினல்-1இன் ரேடார் அலைகள் ஊடுருவி நிலத்தைக் காணும்.

எனினும் வாட்டத்தின் காரணம் பூச்சியா, நீர்க்குறைவா, அன்றிக் கவாத்து செய்ததா? அதைக் கொழுந்து பறிப்பவரே அறிவார். மாணவர்களே, அவர்தம் அறிவையும் கேட்டறிந்து வரைபடத்தில் ஏற்றுங்கள். குறிக்கப்படாதது மறைந்துபோகும், கேமரன் மலை நமக்குத் தரும் பாடம் இதுவே.