இரண்டே கேள்விகள்

(நன்கொடையாளர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



வார்டுக்குள் நுழையும் நாய்களை முப்பது வருஷமாக விரட்டிய எங்கள் இருவரையும் நாயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள்! சென்ற வருஷம் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியிலுள்ள மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது கண்டதையும் கேட்டதையும் சொல்லுகிறோம்.

மகள் போகும் சபையில் பார்வையற்ற சகோதரர் ஒருவர் உண்டு. ஆராதனை முடியும்வரை அவருடைய வழிகாட்டி நாய் பெஞ்சுக்குக் கீழே அசையாமல் படுத்திருக்கும். பிரசங்கம் நீண்டாலும் அப்படித்தான். அந்தப் பொறுமை நம்மில் பலருக்கு இல்லை. முதல் ஞாயிறு அதைத் தடவப் போனோம். மகள் தடுத்துவிட்டாள். சேணம் பூட்டியிருக்கும்போது அது வேலையில் இருக்கிறது. கூப்பிடவோ தின்னக் கொடுக்கவோ கூடாதாம்.

அந்த வேலை சாதாரணமானதல்ல. சிக்னல் விளக்கை நாய் பார்த்து நடப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கேட்டு எப்போது கடக்கலாம் என்று தீர்மானிப்பவர் அவரே. ஆனால் அவர் "போ" என்று சொன்ன பிறகும், கார் வருவதைக் கண்டால் நாய் கீழ்ப்படியாமல் நின்றுவிடும். அப்படி நிற்பதற்கே பயிற்சி கொடுக்கிறார்கள்.

அம்மாநிலத்தின் மாரிஸ்டவுன் ஊரில் இதற்கென்று ஒரு பள்ளி இருக்கிறது. மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற வாலிபர் 1928-ல் சுவிட்சர்லாந்து சென்று, டாரதி யூஸ்டிஸ் அம்மையாரின் இடத்தில் பயிற்சி பெற்று, ஒரு நாயுடன் திரும்பினார். அடுத்த வருஷமே நாஷ்வில் நகரில் பள்ளி தொடங்கியது. பிறகுதான் நியூ ஜெர்ஸிக்கு வந்தது. 'சீயிங் ஐ', அதாவது காணும் கண், என்ற அதன் பெயர் நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. வீட்டிற்குப் போய் வாசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் அந்தச் சகோதரருடன் நாங்களும் கடைக்குப் போனோம். ரொட்டி அடுக்கியிருந்த பக்கத்தில், ஒரு அம்மாவின் தள்ளுவண்டியில் சிவப்புச் சட்டை போட்ட குட்டை நாய் உட்கார்ந்திருந்தது. சட்டையில் 'சேவை நாய்' என்று எழுதியிருந்தது. எங்களைக் கண்டதும் குரைத்துக்கொண்டு குதித்து, வழிகாட்டி நாயின் காதைக் கவ்வியது. நம் சகோதரருக்கு என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. சேணத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "என் நாய்க்கு என்ன ஆயிற்று, சொல்லுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தக் குரலை நாங்கள் மறக்க மாட்டோம்.

மேலாளர் ஓடிவந்தார். வந்தவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "இரண்டு நாயும் வெளியே போகட்டும்." பொய்ச் சட்டை போட்ட நாய்க்காக மெய்யான நாயும் வெளியேற வேண்டியதாயிற்று! சகோதரர் நிதானமாகச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு என்று கேட்டபோதே புரிந்தது.

அன்று மாலை எங்களுக்கும் அதை விளக்கினார். 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டமும் 2011 முதல் அமலிலுள்ள அதன் விதிகளும் சொல்வது இது. தேவை வெளிப்படையாகத் தெரியாவிட்டால் கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம். ஊனத்தின் காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? வியாதி என்னவென்று கேட்கக்கூடாது, செய்துகாட்டச் சொல்லக்கூடாது, சான்றிதழும் கேட்கக்கூடாது. பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவது மட்டும் வேலையாகாது. ஆனால் வலிப்பு வருமுன் எச்சரிக்கவோ, மனப்பதற்றம் தொடங்குவதை உணர்ந்து உதவவோ பயிற்சி பெற்ற நாய் சேவை நாயே.

"அடையாள அட்டை கட்டாயமாக்கினால் என்ன?" என்று கேட்டோம். ஆஸ்பத்திரியில் சீட்டு இல்லாமல் எதுவும் நடக்காதே! அவர் சிரித்தார். "சக்கர நாற்காலியில் வருகிறவரிடம் சீட்டு கேட்பீர்களா?" பள்ளிக்குப் போகாமல் தன் நாய்க்குத் தானே பயிற்சி கொடுக்கவும் அங்கே உரிமை உண்டு, அவர் யாரிடம் சீட்டு வாங்குவார்? அரசாங்கப் பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது. இன்டர்நெட்டில் காசுக்கு விற்கும் சான்றிதழுக்கும் சட்டைக்கும் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. இருந்தும் வாங்குகிறார்கள்.

விமானங்களில் இன்னும் மோசம். 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒருவர் மயிலையே ஆறுதல் பிராணியாகக் கொண்டுவந்தார்; ஏற்றவில்லை. 2021 ஜனவரி முதல் விமான நிறுவனங்கள் ஆறுதல் பிராணிகளைச் சேவைப் பிராணிகளாக ஏற்கத் தேவையில்லை; சேவை நாய்க்கும் பயிற்சி, உடல்நலம், நடத்தை குறித்து உறுதிமொழிப் படிவம் கேட்கலாம். ஃபுளோரிடா 2015-ல், பொய் சொல்லி நாயைக் கொண்டுவருவதைக் குற்றமாக்கி, தண்டனையோடு 30 மணி நேரச் சமூக சேவையும் விதித்தது.

பொய் சொல்லத் துணிந்தவருக்கு இரண்டு கேள்வி பெரிதா என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். அதற்குத்தான் நடத்தையைப் பார்க்கச் சொல்லுகிறது சட்டம். நாய் கட்டுக்கடங்காமல் போய், உடையவர் அடக்காவிட்டாலோ, கடைக்குள் அசுத்தம் செய்யும் நாயானாலோ, மெய்யான சேவை நாயையும் வெளியே அனுப்பலாம். நாய்க்குத்தான் தடை, உடையவர் திரும்பி வந்து சாமான் வாங்கலாம். ஆஸ்பத்திரியிலும் சேவை நாய் நோயாளியின் அறைவரை வரலாம். ஆபரேஷன் தியேட்டருக்கும் தீக்காய வார்டுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. இதைக் கேட்டு எங்களுக்கு நிம்மதியாயிற்று!

அந்த அம்மாவிடம் மேலாளர் பிறகு இரண்டு கேள்விகளையும் கேட்டார். "இது இருந்தால் எனக்கு மனசு நன்றாயிருக்கும்" என்றார். கெட்டவராகத் தோன்றவில்லை. அழுதுகொண்டே நாயைத் தூக்கிப் போனார்.

காதுக் காயம் ஒரு வாரத்தில் ஆறியது. பயம் ஆறவில்லை. எதிரே நாய் வந்தால் வழிகாட்டி நாய் சகோதரரை ஓரமாக இழுத்தது; அந்தக் கடை வாசலில் கால் ஊன்றி நின்றுவிட்டது. இப்படியே நீடித்தால் ஓய்வு கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார்கள். ஜெபிக்கும்படி சபையில் சொன்னார். பள்ளியிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்து, அவர்களோடு பல நாள் நடந்தார். நாங்கள் ஊருக்குப் புறப்படும் வாரத்தில்தான் அது மறுபடி அந்த வாசலைத் தாண்டி, ரொட்டி இருக்கும் பக்கம்வரை அவரை அழைத்துப் போனது.