சிறுநீரகத்தில் விழும் தழும்பு



உங்கள் கையிலோ காலிலோ பழைய காயத் தழும்பு இருக்கிறதா? தொட்டுப் பாருங்கள். அந்த இடம் கெட்டியாக இருக்கும். இப்படிப்பட்ட தழும்பு உடம்புக்கு உள்ளேயும் விழும். சிறுநீரகத்திலும் விழும்.

நமக்கு இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் கை முஷ்டி அளவு இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. அவை இரத்தத்தைச் சுத்தம் செய்கின்றன.

சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் கட்டுப்படாமல் இருந்தால் வடிகட்டிகள் கெடும். கெட்ட இடத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த வடிகட்டி மீண்டும் வேலை செய்யாது. ஆனால் வலி தெரியாது. அதுதான் ஆபத்து.

ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உத்தானம் என்ற பகுதி உள்ளது. தென்னையும் முந்திரியும் விளையும் பூமி. அங்கே உழைக்கும் மக்கள் பலருக்குச் சிறுநீரக நோய். அவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை.

தழும்பு எவ்வளவு என்று எப்படி அறிவது? மருத்துவர் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார். சிலருக்கு இரத்தம் கசியும். அடிக்கடி எடுக்கவும் முடியாது.

இப்போது எம்.ஆர்.ஐ. எந்திரம் கொண்டு பார்க்க முயல்கிறார்கள். அது பெரிய காந்தம். அதில் ஊசி குத்திச் சதை எடுப்பதில்லை. எக்ஸ்ரே கதிரும் இல்லை. இறுகிய மண்ணில் தண்ணீர் எளிதாக ஓடாது அல்லவா? அதுபோலத் தழும்பு உள்ள இடத்தில் நீர் தாராளமாக அசையாது. அந்த வேறுபாட்டை எந்திரம் படமாகக் காட்டும். ஆனால் இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. ஊசிச் சோதனையின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை.

பெரிய எந்திரம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். சாதாரணச் சோதனைகள் இரண்டு போதும். சிறுநீரில் புரதம் போகிறதா? இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு? சர்க்கரையோ கொதிப்போ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்துக்கொள்ளுங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்காதீர்கள்.

சோதனைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். கிரியாட்டினின் எண் எது என்று கேளுங்கள். தேதியுடன் நோட்டில் எழுதுங்கள். போன ஆண்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். எண் கூடியிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணைப் படிக்க நமக்குத் தெரியும். அந்தப் படிப்பு நம் உயிரைக் காக்கட்டும்.