மண்ணுக்கு அடியில் ஒரு படிப்பு

(அருப்புக்கோட்டை வட்டாரச் சிற்றூர் ஒன்றில், உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இங்கே வந்தால் குதிரைவாலிக்கு எவ்வளவு விதை, பருத்தியில் காய்ப்புழுவுக்கு என்ன செய்வது என்று பேசிவிட்டுப் போவேன். இன்று பயிரைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சென்ற கோடையில் திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நிலவியல் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாளாம். "சார், கல்லையும் மண்ணையும் படிக்கிறதுக்கு ஒரு காலேஜா? அதைத்தான் நான் நாப்பது வருசமா மிதிச்சுக்கிட்டு இருக்கேனே!" என்றார். அன்று நான் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. முழுப் பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அவருடைய நிலத்தில் மூன்று ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன. முதல் இரண்டில் புகைதான் வந்தது. மூன்றாவதில் தண்ணீர் வந்தது, ஆனால் சவர்த் தண்ணீர். மிளகாய்ச் செடிக்கு விட்டதும் இலை கருகிப் போயிற்று. மனைவியின் நகை இன்னும் அடகில் இருக்கிறது. இந்தக் கூட்டத்தில் இப்படிப்பட்ட கதை இல்லாத குடும்பம் எத்தனை?

நம் வட்டாரத்தில் கரிசலுக்கும் செவலுக்கும் அடியில் பெரும்பாலும் கடினப் பாறைதான். ஆற்று மணலைப் போல இந்தப் பாறை தண்ணீரை உடம்பெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளாது. மேலே உக்கிப்போன பகுதியிலும், கீழே வெடிப்பு ஓடும் இடத்திலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்புக்குப் பத்தடி தள்ளித் துளை போட்டால் 800 அடி போனாலும் தூசுதான் பறக்கும். தேங்காயையும் வேப்பங்குச்சியையும் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை நான் பழிக்க வரவில்லை. ஆனால் பாறைக்குள் வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று தேங்காய் சொல்லுமா என்பதை உங்கள் அனுபவத்திடமே விட்டுவிடுகிறேன்.

நிலவியல் படித்தவர் என்ன செய்கிறார்? தரையில் நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் அடிக்கிறார். வெளிக் கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார். கம்பிகளை விலக்கிக்கொண்டே போனால், மேலும் மேலும் ஆழத்தின் செய்தி கிடைக்கிறது. ஈரமுள்ள வெடிப்புப் பாறை மின்சாரத்தை எளிதில் விடும். வறண்ட கட்டிப் பாறை தடுக்கும். இதற்கு மின்தடை ஆய்வு என்று பெயர். கருவியை வாடகைக்கு எடுத்து யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் படிப்பு வேண்டியிருக்கிறது. களிமண்ணும் உப்புநீரும்கூட மின்சாரத்தை எளிதில் விடும். ஊர்ப் பாறையின் வரலாறு தெரியாதவர், களியையோ சவர்நீரையோ நல்ல நீரென்று காட்டிவிடுவார்.

கிணறு மட்டுமா? மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலும் ஏன் வந்தன, கரிசல் ஏன் மழையில் உப்பிக் கோடையில் வெடிக்கிறது, உழும்போது கொழுவில் தட்டும் சுக்கான் கல் எங்கிருந்து வந்தது என்பனவெல்லாம் இந்தப் படிப்பில் அடக்கம். நம் பந்தல்குடிச் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள் அல்லவா? அது பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பழங்காலச் சுண்ணாம்பு. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிடாமல் அரசுக்குத் தெரிவித்தார். நிலவியலார் வந்து துளையிட்டுப் பார்த்து, அது பழுப்பு நிலக்கரி என்று கண்டு அளவிட்டனர். 1956-இல் நிறுவனமே அமைந்தது. கண்டது உழவர், கணக்கிட்டது படித்தவர். இந்தப் படிப்பில் நம்மவர்கள் பின்தங்கியவர்களும் அல்லர். 1851-இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு 1951-இல் தலைமையேற்ற முதல் இந்தியர், தஞ்சைச் சீமையில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன்.

இனி வழிமுறைக்கு வருவோம். முதலில் ஓர் எச்சரிக்கை. பள்ளியில் புவியியல் என்று படிப்பது ஜியாகரபி. ஆனால் அரசின் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'யில் புவியியல் என்றால் ஜியாலஜி! விண்ணப்பம் நிரப்பும்போது ஜியாலஜிதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்திருப்பது நல்லது. எந்தெந்தப் பாடம் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நமக்கு அருகில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும், சற்றுத் தொலைவில் திருச்சி தேசியக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி ஆகியவற்றிலும் இப்பாடம் உண்டு.

பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் வேலை குறைவு. இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஐந்து ஆண்டு என்று கணக்குப் போட்டுத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். எம்.எஸ்ஸி. முடித்தால், மத்தியத் தேர்வாணையம் நடத்தும் நிலவியல் விஞ்ஞானிகள் தேர்வு எழுதலாம். அதன் வழியாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். மாநிலத்தில் உதவி நிலவியலாளர் பணிக்குத் தேர்வாணையம் தேர்வு வைக்கிறது. சிமெண்டு ஆலை, சுரங்கம், எண்ணெய் நிறுவனம், அணை, சுரங்கப் பாதைப் பணிகள் என்று வெளியேயும் இடமுண்டு. மண்ணில்தான் ஆர்வம் என்றால் வேறு வழி: வேளாண்மைப் பட்டம் பெற்று, மண்ணியலில் முதுநிலை படிக்கலாம். மதுரையில் 1965 முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கி வருகிறது. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், 2021 முதல் வேளாண்மைப் படிப்பும் சேர்ந்திருக்கிறது.

"பொம்பளைப் புள்ளை பாறைக்குப் பாறை அலையணுமே" என்றார் அந்த விவசாயி. வெளிவேலை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடம், செயற்கைக்கோள் படம் பார்த்து வரைபடம் தயாரித்தல் போன்ற பணிகளும் இதில் நிறைய. நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் பணியாற்றத் தடை இருந்தது. 2019-இல் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்கு அது தளர்த்தப்பட்டது. அதோடு, நம் வீட்டுப் பெண்கள் சித்திரை வெயிலில் கருவேலங்காட்டில் முள் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அப்போது யாரும் அலைச்சலைப் பற்றிப் பேசுவதில்லை. இதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சேத்து விட்டா, நாலாவது போருக்கு அவளே இடம் பாத்துச் சொல்லுவாளா?" என்று கேட்டார்.

சொல்லுவாள், ஆனால் ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், போர் வண்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் நிலத்தடி நீர் ஆய்வுக்கு எழுதிக் கொடுங்கள். ஆய்வாளர் "இங்கே போட வேண்டாம்" என்று சொன்னால் மனம் சலிக்காதீர்கள். அந்தச் சொல்லுக்குத்தான் நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள். பண்ணைக் குட்டை வெட்டலாமா, கண்மாய் வரத்துக்காலைத் தூர் வாரலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியலோடு அழைத்து வாருங்கள். கடைசிப் பேருந்து வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.