அழியாப் பேரேடும் அழிய வேண்டிய பதிவும்

செட்டிநாட்டில் வந்து பேரேட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் பிளாக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு என்பதால், கல்லல் அவையில் அங்கிருந்தே தொடங்குகிறேன். ஒரே கணக்கின் படிகள் பல கணினிகளில் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் முந்தைய பக்கத்தின் முத்திரையைச் சுமக்கும். ஒரு வரியைத் திருத்தினால் பின்வரும் முத்திரைகள் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். கடன் கணக்குக்கு இதைவிட நல்ல குணம் கிடையாது. கொள்ளைநோய்க் காலத்தில் யார் யாரைச் சந்தித்தார் என்ற பதிவுக்கோ இதே குணம்தான் கேடு என்பது என் வாதம்.

கொரோனா தொற்றியவரோடு பழகியவர்களைத் தேட ஏறத்தாழ 14 நாள் விவரம் போதும். அதற்குப் பின் அது மருத்துவருக்கு உதவாது. வம்புக்கும் வழக்குக்கும்தான் உதவும். கூகுளும் ஆப்பிளும் 2020 மே மாதம் வெளியிட்ட முறையில், கைபேசிகள் அடிக்கடி மாறும் எண்களைப் புளூடூத் வழியே பரிமாறிக்கொண்டன. அந்தப் பட்டியல் கைபேசியிலேயே தங்கி, காலம் முடிந்ததும் அழிந்தது. ‘பெயரையா எழுதச் சொல்கிறோம், கைபேசி எண்ணிலிருந்து பெற்ற மறைகுறியைத்தானே’ என்பார்கள், இந்தச் சந்திப்புகளைப் பேரேட்டில் எழுதச் சொல்லும் பிளாக்செயின் ஆதரவாளர்கள். பத்து இலக்க எண்கள் எத்தனை இருந்துவிடும்? மிஞ்சிப்போனால் 1,000 கோடி. அத்தனைக்கும் மறைகுறி கண்டு ஒப்பிடுவது கணினிக்குச் சில மணி நேர வேலை. மாறும் எண்களையே எழுதினாலும், கடை வாசலில் கேமராவும் புளூடூத் கருவியும் வைத்திருப்பவர் முகத்தையும் எண்ணையும் என்றைக்கு வேண்டுமானாலும் பொருத்திப் பார்க்கலாம், பேரேடுதான் அழியாதே! சிற்றூரில் அந்தச் சிரமம்கூட இல்லை. வயதும் தெருவும் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

அப்படியானால் இந்தப் பேரேட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது: குடிமக்களின் சந்திப்பை எழுத அல்ல, அந்த விவரத்தைத் திறந்து பார்த்தவர்களை எழுத. இந்திய அரசின் தொற்றுத் தடமறிதல் செயலியான ஆரோக்கிய சேது 2020 ஏப்ரல் 2 அன்று வந்தது. மே 11இல் வெளியான நெறிமுறை, எந்தெந்த அமைப்புகளுக்கு விவரம் தரப்பட்டது என்ற பட்டியலை தேசியத் தகவலியல் மையம் ‘நியாயமான அளவுக்கு’ வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த அளவை யார் அளப்பது? சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலி தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே என்றார்கள். குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்பது 2021 ஜனவரியில் நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கான பதிலில்தான் வெளிவந்தது. பிப்ரவரியில் சட்டம் இயற்றி, ஏழு வகைக் கடுங்குற்றங்களோடு நிறுத்தினார்கள்.

அரசின் கணினிகளில் மட்டும் ஓடும் பிளாக்செயின் அரசை எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது நியாயமான கேள்வி. கட்டுப்படுத்தாது. தமிழக அரசு 2020 செப்டம்பரில் பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. அந்த வழியில் இப்படியொரு பேரேடு அமைந்தால், அதன் படிகள் உயர் நீதிமன்றத்திலும் மனித உரிமை ஆணையத்திலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்தாக வேண்டும். கொலைக் குற்றவாளியைப் பிடிக்க விவரம் கேட்டால் மறுப்பதா என்பது அடுத்த ஆட்சேபம். கேட்பதைப் பேரேடு தடுக்காது. தடுப்பதா வேண்டாமா என்பது சட்டத்தின் வேலை. கேட்டது யார், எந்த நாளில், எந்த ஆணையின் பேரில் என்பது மட்டும் அதில் ஏறிவிடும். அதைத் தெரிந்துகொள்ள எந்த நாடாளுமன்றக் கேள்விக்காகவும் காத்திருக்க வேண்டியிராது.