பாட்டாவின் 'டாலண்ட் லண்டன் 1920'

மக்களே. எங்க ஊர்ப் பக்கம் 'மக்களே'ன்னு கூப்பிட்டா அது மேடைப் பேச்சு இல்ல, பாசம். ஊர் குழித்துறை. கன்னியாகுமரி மாவட்டம், மார்த்தாண்டத்தை ஒட்டி, தாமிரபரணிக் கரை. நெல்லை தாமிரபரணின்னு நினைச்சுக்காதீங்க. எங்களோடது மேற்க பாய்ஞ்சு தேங்காப்பட்டணத்துல கடல்ல சேர்ற ஆறு.

இன்னைக்கு எபிசோட் ஒரு டெலஸ்கோப்பைப் பத்தி. கைக்கு அடக்கமான பித்தளை டெலஸ்கோப். அது எந்த வருஷத்துதுன்னு தெரியாததால எங்க அப்பாவும் பெரியப்பாவும் ஏழு மாசம் பேசிக்கல.

அது எங்க பாட்டாவோடது. அப்பாவோட அப்பாவை நாங்க பாட்டான்னுதான் கூப்பிடுவோம். ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையிற நாலு குழாய், இழுத்தா நீளும், அமுக்கினா சட்டைப் பைக்குள்ள போயிடும். மூடியில நங்கூரம் பதிச்ச மரப்பெட்டி. குழாய் மேல கொட்டை எழுத்துல 'டாலண்ட் லண்டன் 1920'. சின்ன வயசுல பாட்டா சொன்ன கதை, 1741-ல குளச்சல் போர்ல மார்த்தாண்ட வர்மா கிட்ட தோத்த டச்சுக்காரங்க போட்டுட்டுப் போனது இதுன்னு. நாலாங்கிளாஸ் படிக்கும்போது எனக்கு சந்தேகம் வந்துது. "பாட்டா, இதுல 1920ன்னுல்லா போட்டிருக்கு?" மனுஷன் அசரவே இல்ல. "அது ரிப்பேர் பண்ணின வருஷம் மக்கா."

பாட்டா ரெண்டு வருஷம் முன்னால தவறிட்டார். பாகம் பிரிச்சாங்க. வீடு, தென்னந்தோப்பு எல்லாம் சுமுகமா முடிஞ்சுது. டெலஸ்கோப்ல வந்து நின்னுது. யாரோ ஆன்லைன்ல இதே மாதிரி ஒண்ணுக்கு ஒரு லட்சம் போட்டிருந்ததைக் காட்டிட்டாங்க. பெரியப்பா பையன் துபாய்ல இருக்கான், அங்க கொண்டுபோனா இன்னும் நல்ல விலை கிடைக்கும்னு பெரியப்பா. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாதுன்னு அப்பா. கடைசியில என்கிட்ட வந்தாங்க. "நீதானே இன்ஜினியர், பாத்துச் சொல்லு." நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர்னு சொன்னா எங்க வீட்டுல யாருக்கும் அது பதில் இல்ல.

வருஷம் ஏன் முக்கியம்? விலைக்காக மட்டும் இல்ல. 1972-ல வந்த தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத பழமையும் வரலாற்று மதிப்பும் உள்ள பொருள் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருளைத் தனி ஆள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1920 உண்மைன்னா, நூறு தாண்டியாச்சு. பெரியப்பா பையன் அதைப் பெட்டியில வச்சு விமானம் ஏறினா மாட்டிக்கலாம். பொய்னா, அது ஷோகேஸ் பொருள். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது பொறிச்ச நாலு இலக்கம்.

அதனால படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல டாலண்ட் யாருன்னு பார்ப்போம். லண்டன் குடும்பம். 1758-ல ஜான் டாலண்ட் 'அக்ரோமேட்டிக்' லென்ஸுக்கு காப்புரிமை வாங்கினார். ஒத்தை லென்ஸ் வழியா பார்த்தா ஓரத்துல கலர் பிரியும். ரெண்டு வேற வேற வகைக் கண்ணாடியைச் சேர்த்தா அது பெரும்பாலும் அடங்கிடும். அவருக்கு முன்னாலயே செஸ்டர் மூர் ஹால்னு ஒருத்தர் இதைச் செஞ்சிருந்தார், ஆனா வியாபாரம் ஆக்கினது டாலண்ட்தான். அந்தக் காலத்துல கப்பல் அதிகாரி கையில டாலண்ட் இருந்தா அதுக்கு ஒரு கெத்து.

கெத்து இருக்கிற இடத்துல டூப்ளிகேட்டும் வரும். அந்தக் காலத்துலயே மட்டமான குழாய்ல 'டாலண்ட்'னு, இங்கிலீஷ்ல ரெண்டாவது 'ஓ' எழுத்துக்குப் பதிலா 'ஏ' போட்டு வித்திருக்காங்க. அப்போ போலி டாலண்டுக்கே இருநூறு வருஷ வரலாறு. சேகரிக்கிறவங்க அந்தப் பழைய போலியைக்கூடத் தேடி வாங்குறாங்க.

சரி, வருஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் கத்துக்கிட்ட முதல் விதி, பொறிச்சிருக்கிற வருஷத்தைக் கடைசியா நம்பு. நம்ம வேலையில சொல்ற மாதிரிதான், கமென்ட்டை நம்பாத, கோடைப் படி. நிஜமான டாலண்ட்ல பொதுவா வருஷமே இருக்காது. கண் வைக்கிற பக்கத்துக் குழாய்ல சின்னதா, அழகான கையெழுத்து மாதிரி 'டாலண்ட் லண்டன்'. சிலதுல கூடவே 'பகல் அல்லது இரவு'ன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தைகள். அவ்வளவுதான். வருஷம் போட்டு வர்றது அதிகமும் ராணுவக் கருவிகள். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ் சிக்னல் படைக்குச் செஞ்ச டெலஸ்கோப்ல செஞ்சவங்க பேர், வரிசை எண், வருஷம் எல்லாம் இருக்கும். கூடவே காக்கா கால் மாதிரி ஒரு அம்புக்குறி. அது அரசாங்கச் சொத்துன்னு அடையாளம்.

போலிகள் வருஷத்துலயே மாட்டிக்கும். 'விக்டோரியன் மரைன் டெலஸ்கோப், லண்டன் 1915'னு ஒண்ணு எக்கச்சக்கமா சுத்துது. விக்டோரியா ராணி செத்தது 1901. 'கெல்வின் அண்ட் ஹ்யூஸ், லண்டன் 1917'னு இன்னொண்ணு. கெல்வின் கம்பெனியும் ஹ்யூஸ் கம்பெனியும் ஒண்ணு சேர்ந்ததே 1940-களில். கல்யாணத்துக்கு இருபது வருஷம் முன்னாலயே கல்யாணப் பத்திரிகை அடிச்ச கதை.

எங்களோடது 'டாலண்ட் லண்டன் 1920'. அந்த வருஷம் டாலண்ட் கம்பெனி இருந்துது. 1927-லதான் எய்ச்சிசன் கம்பெனியோட சேர்ந்துது. அதனால வருஷத்தை மட்டும் வச்சு மாட்டவைக்க முடியல. பொருளையே படிக்கணும்.

ரெண்டாவது சோதனை, ஃபோன் டார்ச். முன் லென்ஸ்ல வெளிச்சத்தைச் சாய்ச்சு அடிச்சு, எத்தனை பிரதிபலிப்பு தெரியுதுன்னு எண்ணுங்க. ஒத்தை லென்ஸ்னா ரெண்டு. ரெண்டு கண்ணாடி ஒட்டினதுன்னா மூணு, ஒண்ணு மங்கலா இருக்கும். நடுவுல காத்து இடைவெளி இருந்தா நாலு. எங்களோடதுல ரெண்டே ரெண்டு. டாலண்ட் பேரு வாங்கினதே ரெண்டு கண்ணாடிக்காக. அவர் பேரைப் போட்ட குழாய்ல ஒத்தைக் கண்ணாடி.

மூணாவது, பிரதிபலிப்போட நிறம். நீலம், ஊதான்னு ஒரு பளபளப்பு தெரிஞ்சா அது கோட்டிங். அந்தத் தொழில்நுட்பம் 1935-ல ஜெர்மனியில ஜெய்ஸ் கம்பெனியில அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடிச்சது, பரவலா வந்தது ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம். எங்களோடதுல கோட்டிங் இல்ல. அப்பா முகத்துல ஒரு வெளிச்சம் வந்துது.

நாலாவது, கழட்டிப் பார்க்கிறது. பழைய நல்ல குழாய்ல மரையெல்லாம் வழுக்கிட்டு ஏறும், உள்ளே படத்தை நிமிர்த்துறதுக்கு தனியா ஒரு லென்ஸ் குழல் கழண்டு வரும். எங்களோடது கழண்டுச்சு, கரகரன்னு. உள்ளே ஒரு வளையத்தைப் பிடிச்சிருந்தது ரெண்டு குட்டி ஸ்க்ரூ. ஸ்டார் ஸ்க்ரூ. தலையில பிளஸ் குறி போட்டது. ஹென்றி பிலிப்ஸ் அமெரிக்காவுல அதுக்குக் காப்புரிமை வாங்கினது 1936-ல. 1920-ல அந்த ஸ்க்ரூவே கிடையாது.

பழையதை நீங்க பார்த்தா இன்னொண்ணும் கவனிங்க. பித்தளையோட கருத்த மெருகை அப்படியே விடணும், அதுதான் வயசுக்குச் சாட்சி. எங்க வீட்டுல வருஷா வருஷம் சித்திரை விஷுவுக்கு புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கியிருக்காங்க. நிஜமாவே 1741-ஓடதா இருந்தாலும் எங்க புளி அதைச் சமாளிச்சிருக்கும்.

அப்போ இது எங்க செஞ்சது? ரொம்பச் சாத்தியம், ரூர்க்கி. உத்தராகண்ட்ல இருக்கிற ஊர். 1847-ல அங்க தொடங்கின பொறியியல் கல்லூரிதான் இப்போ ஐஐடி. அதை ஒட்டி தியோடலைட், லெவல்னு சர்வே கருவி செய்யுற பட்டறைகள் வளர்ந்துது. சிவில் படிச்ச நண்பர்களுக்கு அந்த ஊர்ப் பேரு தெரியும். இன்னைக்கு அங்கிருந்து பித்தளை திசைகாட்டி, செக்ஸ்டண்ட், டெலஸ்கோப் எல்லாம் அலங்காரப் பொருளா உலகம் முழுக்கப் போகுது. அலங்காரம்னு சொல்லி விக்கிற வரைக்கும் அதுல ஒரு தப்பும் இல்ல. கை மாறி மாறிப் போகும்போது நடுவுல யாரோ 'பழசு'ன்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துடறாங்க.

நிஜமான பழசு நம்ம பக்கம் இல்லாம இல்ல. குழித்துறை அப்போ திருவிதாங்கூர்ல இருந்துது, 1956 நவம்பர் 1-லதான் தமிழ்நாட்டோட சேர்ந்தோம். அந்தத் திருவிதாங்கூர்ல ஜான் கால்டெகாட்னு ஒருத்தர், ஆலப்புழையில அரசோட வணிக முகவர், சொந்தக் கருவிகளை வச்சு வானத்தைப் பார்த்துட்டிருந்தார். அவரோட முயற்சியால சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல திருவனந்தபுரத்துல வானாய்வகம் தொடங்கினார். சென்னையிலயும் அப்படித்தான். 1786-ல வில்லியம் பெட்ரி எழும்பூர் வீட்டுல வச்சிருந்த மூணு அங்குல டெலஸ்கோப்புகள்ல இருந்துதான் மெட்ராஸ் வானாய்வகம் பிறந்துது. தூக்கிட்டுப் போற சைஸ்ல ஒரு தனி மனுஷன் வச்சிருந்த கருவி, ஒரு நிறுவனத்துக்கே விதை.

இருபதாம் நூற்றாண்டுல அந்த இடத்துக்கு வந்தது க்வெஸ்டார். 1954-ல அமெரிக்காவுல பென்சில்வேனியாவுல லாரன்ஸ் பிரேமர் விக்க ஆரம்பிச்சது. மூணரை அங்குலம். குழாய் மேல நிலா வரைபடம், பனித்தடுப்பு உறையில நட்சத்திர வரைபடம், எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள்ள. வெளித்தோற்றம் பல பத்து வருஷம் பெருசா மாறல. அதனால சேகரிக்கிறவங்க சீரியல் நம்பரையும் குட்டிக் குட்டி உதிரிபாகங்களையும் வச்சுத்தான் வயசு சொல்றாங்க. எந்தக் காலத்துப் பொருளா இருந்தாலும் வழி ஒண்ணுதான்.

கதைக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் உக்கார வச்சு, ஸ்டார் ஸ்க்ரூவை உள்ளங்கையில வச்சுக் காட்டினேன். பெரியப்பா எதுவும் பேசல. அப்பா ஜன்னலைப் பார்த்தார். பாட்டா எல்லாரையும் ஏமாத்தினாரா, இல்ல அவரை யாரும் ஏமாத்தினாங்களா? இந்தக் கேள்வியை யாரும் வாய் விட்டுக் கேக்கல, எனக்கும் கேக்கத் தைரியம் இல்ல.

அடுக்களையில இருந்து பாட்டி குரல் வந்துது. "இதுக்கா ஏழு மாசம் மூஞ்சியத் தூக்கிட்டு இருந்தீங்க? அது வாவுபலியில வாங்கினதுல்லா. வடக்கத்தியான் ஒருத்தன் கடை போட்டிருந்தான். அறுநூறு ரூவா சொன்னான், நாந்தான் இருநூறுக்குப் பேசி முடிச்சேன். என்கிட்ட ஒருத்தனாவது கேட்டியளா?"

வாவுபலி எங்க ஊர் ஆடி அமாவாசைப் பொருட்காட்சி. நானும் அங்கதான் ராட்டினம் சுத்தியிருக்கேன். லண்டன் வரைக்கும் தேடின எனக்கு, அடுக்களை வரைக்கும் போய் ஒரு வார்த்தை கேக்கத் தோணல. சேகரிக்கிறவங்க ஒரு பொருள் எந்தெந்தக் கை மாறி வந்துதுன்னு முதல்ல விசாரிப்பாங்க. நான் அதைக் கடைசியாகூட விசாரிக்கல.

இப்போ அந்த டெலஸ்கோப் எங்க வீட்டு அலமாரியில இருக்கு. விக்கிற பேச்சு போயிடுச்சு. அதுக்குக் காரணம் விலை இல்லாததுன்னு நீங்க நினைக்கலாம். பாதி அதுதான். மீதிப் பாதி பெரியப்பா ஞாபகப்படுத்தினது. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். கங்கண சூரிய கிரகணம் எங்க மாவட்டத்துக்கு மேல போச்சு. எனக்குப் பதிமூணு வயசு. யாரும் குழாய் வழியா சூரியனைப் பார்க்கக் கூடாதுன்னு பாட்டா மிரட்டிட்டு, டெலஸ்கோப்பை நாற்காலிச் சாய்மானத்துல கட்டி வானத்தைப் பார்க்க வச்சார். முத்தத்துல வெள்ளை வேட்டியை விரிச்சார். மதியம் ஒண்ணேகால் வாக்குல வேட்டி மேல ஒரு வெளிச்ச மோதிரம் விழுந்துது. ஓரமெல்லாம் கொஞ்சம் கலர் பிரிஞ்சு. ஒத்தை லென்ஸோட குறைன்னு இப்போ தெரியும், அன்னைக்கு அதுதான் அழகா இருந்துது. ஏழு நிமிஷத்துக்கு மேல, தெருவே குனிஞ்சு நின்னு பார்த்துது.

அந்தக் குழாய்க்கு 1741 பொய், 1920 பொய். என்னால சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஒரே தேதி 15.1.2010. மரப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் அதைப் பேனாவுல எழுதி வச்சிருக்கேன். கூடவே, 'வாவுபலி, ரூ. 200, பேரம்: பாட்டி'. நாளைக்கு யாராவது இதுக்கு வயசு பார்க்க வந்தா, ஸ்க்ரூவைக் கழட்டாமலே தெரிஞ்சுக்கட்டும்.

உங்க வீட்டு அலமாரியிலயும் இப்படி ஏதாவது இருந்தா, டார்ச் அடிச்சுப் பாருங்க, பேசாம கழட்டியும் பாருங்க. ஆனா அதுக்கு முன்னால வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.